கன்னத்தில் அறைந்தாலே 'காயம்', பல் உடைந்தால் 'கொடுங்காயம்': சட்டம் சொல்லும் அர்த்தம் என்ன?

கதிர்காமத்தில் வண்டி நிறுத்துவதில் தகராறு, கைகலப்பாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்குக் கன்னத்தில் அறை. இன்னொருவருக்குக் குத்து விழுந்து பல் உடைந்துவிட்டது. "ரத்தமே வரலையே, இதெல்லாம் ஒரு காயமா?" என்று அறைந்தவர் கேட்கலாம். சட்டத்தின் கணக்கு வேறு.

காயம் என்றால்?

2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்) 114-வது பிரிவின்படி, ஒருவருக்கு உடல் வலி, நோய் அல்லது உடல் பலவீனம் ஏற்படுத்தினாலே அது 'காயம்'. ரத்தமோ தழும்போ தேவையில்லை.

எது கொடுங்காயம்?

116-வது பிரிவு எட்டு வகைகளை மட்டும் சொல்கிறது:

- ஆண்மை இழப்பு
- ஒரு கண்ணிலாவது நிரந்தரப் பார்வை இழப்பு
- ஒரு காதிலாவது நிரந்தரமாகக் கேட்காமல் போவது
- உறுப்பு அல்லது மூட்டு இழப்பு
- உறுப்பு, மூட்டின் செயல்திறன் நிரந்தரமாகக் குறைவது
- தலை, முகத்தில் நிரந்தர உருக்குலைவு
- எலும்போ பல்லோ முறிவது, இடம் பெயர்வது
- உயிருக்கு ஆபத்தான காயம். அல்லது 15 நாள் கடும் வலியிலோ, வழக்கமான வேலை செய்ய முடியாமலோ இருப்பது

1860-ம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 20 நாளாக இருந்தது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு அந்தச் சட்டமே 1963-ல்தான் வந்தது.

ஒரு வார்த்தையில் என்ன மாறும்?

வேண்டுமென்றே காயம் ஏற்படுத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ரூ.10,000 வரை அபராதம், அல்லது இரண்டும். இதை மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் புலன்விசாரணை செய்ய முடியாது. கொடுங்காயம் என்றால் 7 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. போலீஸே நேரடியாக எஃப்.ஐ.ஆர். போட்டு விசாரிக்கலாம். கத்தி போன்ற ஆயுதத்தால் தாக்கினால், சாதாரண காயத்துக்கே 3 ஆண்டு வரை சிறை.

வேறு வார்த்தைகள்?

17 வயது கல்லூரி மாணவரும் பி.என்.எஸ் பார்வையில் 'குழந்தை'தான். செல்போனில் உள்ள பதிவும் 'ஆவணம்'தான். கொள்ளையில் 5 பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்தால் அது 'கூட்டுக்கொள்ளை'.

பாதிக்கப்பட்டவர் என்ன செய்யணும்?

கதிர்காமம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, வேறு மருத்துவமனையோ, உடனே போங்க. எதனால் அடித்தார்கள், எங்கெல்லாம் வலிக்கிறது என்று விடாமல் சொல்லுங்க. பல் வலியையும் மறைக்க வேண்டாம். எக்ஸ்ரே, சிகிச்சைச் சீட்டுகளைப் பத்திரமாக வைங்க. வலி தொடர்ந்தால் மறுபடியும் டாக்டரிடம் காட்டுங்க. அந்த 15 நாளுக்கு ஆதாரம் அதுதான்.