கப்பி இல்லாத வில்

ரெண்டு வருஷமா கப்பி வச்ச காம்பவுண்ட் வில்லோட சுத்திக்கிட்டிருந்த நான், போன மார்ச்சில் மர வில்லுக்கு மாறிட்டேன். "எல்லாரும் முன்னாடி போவாங்க, நீங்க மட்டும் ஏன் பின்னாடி போறீங்க?"ன்னு வீட்டம்மா கேட்டாங்க. "இதுதாம்மா பாரம்பரியம்"னு கெத்தா சொன்னேன். "யாரோட பாரம்பரியம்?"னு அடுத்த கேள்வி. அங்கதான் மாட்டிக்கிட்டேன். அதுக்காகப் படிச்சதுதான் கீழே.

முதல்ல கப்பி கதை. மிசௌரி மாநிலத்துக்காரர் ஹோலஸ் வில்பர் ஆலன். வில்லின் நுனிகளை அறுத்துவிட்டு அங்கே கப்பிகளை மாட்டிப் பார்த்தார். 1966-ல் விண்ணப்பித்து, 1969 டிசம்பரில் காப்புரிமை பெற்றார். மர வில்லை இழுக்க இழுக்க பாரம் ஏறிக்கொண்டே போகும். முழுதும் இழுத்து, குறி பார்க்க நிற்கிற இடத்தில்தான் உச்ச பாரம். ஆலனின் கப்பிக்கு அச்சு நடுவில் இல்லை, ஓரத்தில். அதனால் ஒரு கட்டம் தாண்டியதும் பாரம் சட்டென்று இறங்கிவிடும். என்னோடது 60 பவுண்டு, அதில் 75 சதவீதம் குறையும். அதாவது நான் தாங்கிப் பிடிக்கிறது வெறும் 15 பவுண்டு! குறி பார்க்க ஊசி, நாணுக்கு நடுவுல ஒரு ஓட்டை, அம்பை விட ஒரு விசை... நான் செய்யறதுக்குன்னு மிச்சம் ஒண்ணுமில்லை :-)

2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்டுக்கும் கலப்பு அணிப் போட்டி வைத்திருக்கிறார்கள். அதைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் ஒன்று. 'பாரம்பரிய வில்' என்ற பேச்சே ஆலனுக்கு அப்புறம்தான் சூடு பிடித்தது. அதுக்கு முன்னாடி அது வெறும் வில்தானே!

சரி, அந்தப் பாரம்பரியத்தின் வேரைத் தேடிப் போனால், எல்லாரும் கை காட்டுகிற பெயர் டாக்டர் சாக்ஸ்டன் போப் (வாடிகன் போப் இல்லீங்க). அவர் 1923-ல் எழுதிய வில் வேட்டைப் புத்தகம்தான் அமெரிக்காவில் இந்தப் பைத்தியத்தைப் பரப்பியது. அவருக்கு வில்லைக் கற்றுக் கொடுத்தவர் இஷி.

இஷி, கலிபோர்னியாவின் யாஹி இனத்தவர். 1860களில் குடியேறிகள் அந்த மக்களைத் தேடித் தேடிச் சுட்டுக் கொன்றார்கள். தப்பிய சிலர் மலையில் பல வருஷம் ஒளிந்து வாழ்ந்தார்கள். 1908-ல் நில அளவைக்காரர்கள் அவர்கள் குடிசையைக் கண்டுபிடித்து, கைக்குக் கிடைத்த சாமான்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். குளிருக்குப் போர்த்தறதைக் கூட விடலை. 1911 ஆகஸ்ட்டில் ஓரோவில் ஊருக்குப் பக்கத்தில் ஒரு கசாப்புத் தொட்டியில் இஷி பட்டினியோடு நின்றார், தன்னந்தனியாக. சான் பிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்துக்குக் கொண்டு போனார்கள். தன் பெயரை அவர் கடைசி வரை சொல்லவில்லை. இஷி என்றால் அவர் மொழியில் 'மனிதன்', அவ்வளவுதான்.

போப் பக்கத்து மருத்துவக் கல்லூரியில் டாக்டர். ரெண்டு பேரும் சிநேகிதர்கள் ஆனார்கள். ஜூனிப்பர் மரத்தைச் செதுக்கி, முதுகில் மான் தசைநாரை ஒட்டி, குட்டையான வில் ஒன்றைச் செய்வார் இஷி. அதைக் குந்தி உட்கார்ந்தே விடுவார். 1914-ல் அவருடைய மலைக்கே ரெண்டு பேரும் போய் வந்தார்கள்.

1916 மார்ச் 25, காசநோயில் இஷி இறந்தார். உடலை அறுக்கக் கூடாது என்று பேராசிரியர் குரோபர் எழுதிய கடிதம் தாமதமாக வந்து சேர்ந்தது. அறுத்துவிட்டார்கள். மூளையைத் தனியே எடுத்தார்கள். அதை வாஷிங்டன் ஸ்மித்சோனியனுக்கு அனுப்பியது யாருன்னு நினைக்கிறீங்க? அதே குரோபர்தான். இதைப் படிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. அந்த மூளை அவருடைய உறவு இனத்தாரிடம் வந்தது 2000-ல். 84 வருஷம்!

சவப்பெட்டியில் ஒரு வில்லையும் அஞ்சு அம்பையும் வைத்து அனுப்பினார்கள்.

இதில் இன்னொரு விஷயம். இஷியிடம் படித்த போப், தன் வேட்டைக்கு எடுத்துக் கொண்டது இஷியின் வில்லை இல்லை. தூரம் போகும் என்று, இங்கிலாந்துப் பாணி யூ மர நெட்டை வில். நான் வாங்கியிருப்பதும் அந்த வகைதான். வீட்டம்மாகிட்ட இதைச் சொன்னேன். "அப்ப இஷியோடது எங்க?"ன்னாங்க.

போன ஞாயித்துக்கிழமை அவர் மாதிரி குந்தி உட்கார்ந்து ஒரு அம்பு விடலாம்னு பார்த்தேன். பாதி கூட இழுக்கலை, ஆறடி வில்லோட கீழ் நுனி தரையில இடிச்சு நின்னுடுச்சு.