கள்ளக் கொப்பியில் தப்பிய பேய்

பேய்ப்படத்தைச் சிரித்துச் சிரித்துப் பார்க்கிற கூட்டம் நாங்கள். ஆனால் 1922இல் ஜேர்மனியில் வந்த 'நொஸ்பராட்டு'வின் வரலாறு படத்தைவிடப் பகிடி. பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவலை அனுமதி கேட்காமலே எடுத்து, பிரபுவின் பெயரை ஓர்லொக் என்று மாற்றிவிட்டார்கள். ஸ்டோக்கரின் மனைவி ஃபுளோரன்ஸ் விடுவாரா? வழக்குப் போட்டார். நூல் வருமானத்தை நம்பியிருந்த விதவை, கோபம் நியாயம்தான். 1925இல் ஜேர்மன் நீதிமன்றம் எல்லாப் பிரதிகளையும் அழிக்கச் சொன்னது. ஆனாலும் சில கொப்பிகள் எப்படியோ தப்பிவிட்டன.

தப்பியது நல்லதுதான். நாவலில் டிராகுலா பகலிலும் உலாவுவார், கடைசியில் கத்தியால்தான் சாவார். வெயில் பட்டால் சாகிற இரத்தக்காட்டேரி இந்தப் படத்தின் சொந்தச் சரக்கு. பிறகு வந்த படங்கள் பல அதையே கொப்பியடித்தன, களவெடுத்தவனிடமே களவு! தீர்ப்பு முழுதாக நிறைவேறியிருந்தால் எங்கட பேய்கள் மத்தியான வெயிலிலும் றோட்டில் திரிந்திருக்கும் போல.