மலை கடந்த மோகினிகள்

சிலமலையைக் கடந்து தேவாரம் நோக்கிச் செல்லும் சாலையில், வலப்புறமாக வானத்தை மறித்துக்கொண்டு நிற்கிற மலைத்தொடரை முதன்முதலாகப் பார்க்கும் வெளியூர்க்காரருக்கு, இரண்டு தேசங்களைப் பிரிப்பதற்கென்றே இயற்கை எழுப்பி வைத்த மதில் இது என்று தோன்றுவது சகஜம். எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு அது ஒருநாளும் மதிலாக இருந்ததில்லை. விடிவதற்கு முன்பே ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டு வழியாக மேலே போய், ஏலத்தோட்டங்களில் காய் எடுத்துவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்கு இறங்கி வருகிற பெண்களும், அவர்களுக்கு முன்னே பொதிமாடுகளின் மேல் அரிசியும் உப்பும் ஏற்றிக்கொண்டு போய் ஏலமும் மிளகும் கொண்டுவந்த பாட்டன்மார்களும், அந்த மலையை ஒரு பாதையாகவே அறிந்திருந்தார்கள். பாதை என்று ஒன்று இருந்தால் சரக்கோடு கதையும் போகத்தானே செய்யும்? இந்தப் பக்கத்துப் புளியமரத்து முனியும் சுடுகாட்டு மோகினியும் தோட்டத்து லயங்களில் இராப்பொழுதுகளில் பேசப்பட்டார்கள். அந்தப் பக்கத்துப் பாலைமரத்து யக்ஷி, வழிப்போக்கனிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்கிற அதே சிங்காரத்தோடு, கீழே இறங்கி வந்தாள். சரக்குக்குச் சுங்கம் உண்டு. பேய்க் கதைக்குக் கிடையாது.

அந்தப் பழைய போக்குவரத்தின் நவீன ரூபந்தான் சினிமா உலகத்தில் 'ரீமேக்' என்று வழங்கும் தொழில். ஒரு பாஷையில் நன்றாக ஓடிய படத்தின் கதை உரிமையை விலை பேசி வாங்கி, வேறொரு பாஷையில் வேறு நடிகர்களைக் கொண்டு மறுபடியும் எடுப்பதைக் குறைவாகப் பேசுகிறவர்கள் உண்டு. நானும் சில சமயங்களில் பேசியிருக்கிறேன். ஆனால் பாழ்மாளிகை, பூட்டிய அறை, அநியாயமாக மாண்டு அமைதியற்று அலையும் ஓர் ஆத்மா ஆகிய இவற்றைக் கொண்டு பயத்தை ரஸமாகப் பரிமாறுகிற கதை இனத்தைப் பொறுத்தவரையில், இரவல் என்பது அதனுடைய ஜாதகத்திலேயே எழுதப்பட்ட சங்கதி. 1764-ஆம் ஆண்டின் கடைசியில் ஹொரேஸ் வால்போல் என்ற ஆங்கிலப் பிரபு 'ஒட்ராண்டோ கோட்டை' என்னும் நாவலை வெளியிட்டு இந்த இனத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டபோது, அதில் தம்முடைய பெயரைப் போடவில்லை. புராதனமான இத்தாலிய நூலொன்றின் மொழிபெயர்ப்பு என்று பொய் சொல்லியே அதை உலகத்துக்குக் கொடுத்தார். ஜனங்கள் அதை விரும்பி வாசித்த பிறகு, மறு வருஷம் வந்த இரண்டாம் பதிப்பில்தான், தாமே எழுதியதாக ஒப்புக்கொண்டார். மூலமே இல்லாத ஒரு மொழிபெயர்ப்பிலிருந்து பிறந்த வம்சம் இது.

நம்முடைய சினிமாவில் இந்த வம்சத்தின் நல்ல காலம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகள். 1963-ல் ஸ்ரீதர், பூர்வஜன்மத்து நினைவு ஒருவனைப் பாழடைந்த ஜமீன் மாளிகைக்கு இழுத்துச் செல்கிற 'நெஞ்சம் மறப்பதில்லை' படத்தை எடுத்தார். அந்த மாளிகையின் நிழல்களையெல்லாம் படம் பிடித்த ஏ. வின்சென்ட் மறு வருஷமே மலைக்கு அந்தப் பக்கம் போய், வைக்கம் முகம்மது பஷீர் தம்முடைய 'நீலவெளிச்சம்' என்ற சிறுகதையை விரித்து எழுதிய 'பார்கவி நிலையம்' படத்தை டைரக்ட் செய்தார். தனியான பழைய வீட்டுக்குக் குடிவரும் எழுத்தாளன் ஒருவன், அங்கே மாண்டுபோன பெண்ணைப் பகைக்காமலும் விரட்டாமலும் மரியாதையாகப் பேசிப் பழகி, அவளுடைய சரித்திரத்தை எழுதுகிறான். பேய்க்கும் மனிதனுக்கும் இடையே இத்தனை கண்ணியமான உறவை அதற்குப் பின் வந்த படங்களில் நான் அதிகம் கண்டதில்லை. தமிழ் நாட்டில் பயின்ற நிழலும், மலையாளத்தில் எழுதப்பட்ட கருணையும் ஒரு மனிதரிடத்தில் சேர்ந்தன என்றுதான் சொல்ல வேண்டும். (அதே கதை 2023-ல் 'நீலவெளிச்சம்' என்ற பெயரிலேயே மறுபடியும் படமாயிற்று. பழைய படத்தின் கறுப்பு வெளுப்பில் இருந்த இருட்டைப் புதிய படத்தின் வர்ணங்கள் கொண்டுவர முடியவில்லை என்பது என் அபிப்பிராயம்.)

அதே 1964-ல் சிவாஜி கணேசனின் சொந்தத் தயாரிப்பாக வந்த 'புதிய பறவை'யின் பூர்வோத்தரத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1958-ல் வந்த ஓர் ஆங்கிலப் படத்தில், செத்துப்போன அண்ணன் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் ஒரு பெண்ணின் வீட்டுக்கு வந்து நிற்கிறான். அது வங்காளத்துக்கு வந்தபோது, செத்துப்போன மனைவி என்று சொல்லிக்கொண்டு ஒருத்தி கணவனுடைய வீட்டுக்கு வருவதாக மாறிற்று. வங்காளத்திலிருந்து தமிழுக்கு வந்தபோது உதகமண்டலத்துப் பங்களாவும் பியானோவும் சேர்ந்துகொண்டு, நம்முடைய ரஸிகர்கள் அதற்கொரு மூலம் உண்டு என்பதையே மறந்துபோகும் அளவுக்கு அது தமிழாகிவிட்டது. 1966-ல் இந்தியிலிருந்து வந்து, ஜெயலலிதா மர்மப் பெண்ணாக நடித்த 'யார் நீ?' அப்படி மறக்க வைக்கவில்லை. இந்தியைப் பார்த்தவர்கள் இந்தியைப் பற்றித்தான் பேசினார்கள்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். 1956-ஆம் வருஷம் நவம்பர் முதல் தேதி ராஜ்யங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது, எங்கள் தலைக்கு மேலே இருக்கிற தேவிகுளம், பீருமேடு தாலுகாக்கள், தமிழர்கள் எத்தனையோ கிளர்ச்சி செய்தும் கேரளத்துக்குப் போயின. தெற்கே கன்னியாகுமரி சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. அப்படி வந்த மண்ணின் நடுவில், பழைய திருவிதாங்கூர் ராஜாக்களின் பத்மநாபபுரம் அரண்மனை மட்டும், நிலம் தமிழ்நாட்டில் இருக்க, நிர்வாகம் கேரள சர்க்காரின் வசத்தில் இருந்துவருகிறது. இந்த விநோதமான அரண்மனையிலும், திருப்பூணித்துறை மலை மாளிகையிலும் படம் பிடித்து, 1993-ஆம் வருஷம் கிறிஸ்துமஸ் சமயத்தில் பாசில் வெளியிட்ட படந்தான் 'மணிச்சித்ரதாழ்'.

மது முட்டம் எழுதிய அந்தக் கதையில், கல்கத்தாவிலிருந்து கணவனோடு தரவாடு என்னும் பூர்வீக வீட்டுக்கு வருகிற கங்கை என்பவள், பூட்டிக் கிடந்த அறை ஒன்றைத் திறந்து, அங்கே நூறாண்டுகளுக்கு முன் குடும்பத் தலைவரான காரணவர் ஒருவரால் கொல்லப்பட்ட நாகவல்லி என்னும் நாட்டியக்காரியின் கதையில் மனத்தைப் பறிகொடுத்து, கடைசியில் தானே அவளாகிவிடுகிறாள். நாகவல்லி தஞ்சாவூர்க்காரி. அதனால், படம் முழுதும் மலையாளம் பேசி வந்த கங்கையின் வாயிலிருந்து, அவள் தன்னை மறக்கும் வேளையில், தமிழ் வருகிறது. அவள் ஆடுகிற பாட்டிலும் தமிழ் அடிகள் கலந்திருக்கின்றன. அந்தப் பாத்திரத்துக்காக ஷோபனா தேசிய விருது பெற்றார்.

மலைமேல் ஊர்களின் கொட்டகைகளில் தமிழ்ப் படமும் மலையாளப் படமும் மாறி மாறி ஓடுவது வழக்கம். கங்கை கண்களை உருட்டிக்கொண்டு திரும்புகிற அந்தக் கட்டத்தில், மலையாளிகளான பார்வையாளர்களுக்கு அந்நிய பாஷையொன்று திடீரென்று வீட்டுக்குள் புகுந்த திகில் உண்டாக, எங்கள் பக்கத்திலிருந்து போன ஏலத்தோட்டத்துக்காரர்களுக்கோ, அதுவரை பாதி புரிந்தும் புரியாமலும் இருந்த படத்தில் முதன்முதலாக எல்லாம் முழுசாகப் புரிகிறது! பேய் வந்த பிறகுதான் படம் அவர்களுக்குச் சொந்த வீடாயிற்று. பயப்பட வேண்டிய இடத்தில் அவர்கள் பரிதாபப்பட்டார்கள். தஞ்சாவூரிலிருந்து மலையாளத்துப் பெரிய வீட்டுக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கே தன் பாஷை பேச ஒருவருமில்லாமல் மாண்டவள் என்ற எண்ணம், மேலே போய்க் கூலி வேலை செய்கிற ஜனங்களுக்குச் சுலபமாகப் பிடிபடக்கூடியதுதானே. அந்தப் படத்தின் பக்தர்கள் எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன் என்பதை ஒளிப்பானேன்?

ஆகவே, அந்தக் கதை முதலில் கன்னடத்துக்குப் போய் 2004-ல் 'ஆப்தமித்ரா' ஆகி, அதை எடுத்த பி. வாசுவே 2005-ஆம் வருஷம் தமிழ்ப் புத்தாண்டு தினத்தில் 'சந்திரமுகி' என்று தமிழுக்குக் கொண்டுவந்தபோது, நாங்கள் போய்ப் பார்த்தது ஒரு புதுப் படத்தை அன்று, தெரிந்த ஒருத்தியைத்தான். அவளை அங்கே காணவில்லை. மூலப்படத்தில் மனோதத்துவ நிபுணராக வரும் மோகன்லால் கதை பாதியை எட்டும் சமயத்தில்தான் வருகிறார்; அதற்குள் வீடும், வீட்டு மனிதர்களும், அவர்களுடைய அசட்டுப் பயங்களும் நமக்குப் பழகிப் போய்விடுகின்றன. தமிழில் ரஜினிகாந்த் முதலிலேயே சண்டை போட்டுக்கொண்டும் பாடிக்கொண்டும் வந்துவிடுகிறபடியால், வீட்டைப் பார்க்க நமக்கு அவகாசம் கிடைப்பதில்லை. மூலத்தில் காரணவர் பெரும்பாலும் ஒரு சித்திரமும் ஒரு பெயருமாக நின்று அச்சுறுத்துகிறார். தமிழில் அவர் வேட்டையன் என்ற ராஜாவாகி, கதாநாயகனுடைய முகத்தோடேயே வந்து, குழந்தைகள் தெருவில் நடித்துக் காட்டும்படியான ஒரு வேடிக்கை வில்லனாகிவிட்டார். ஹாஸ்யம் கூடாது என்று நான் சொல்லவில்லை. மூலத்திலும் ஹாஸ்யம் ஏராளம். அங்கே ஹாஸ்யம் பயத்திலிருந்தே கிளம்பிற்று; இங்கே வடிவேலுவின் பயம் அபாரமாக இருந்தும், அது ஒரு பக்கமும் கதை ஒரு பக்கமுமாக நின்றன.

இவ்வளவு சொன்ன பிறகு, ஜோதிகாவின் கண்களைப் பற்றியும், வித்யாசாகரின் சங்கீதத்தைப் பற்றியும் நியாயமாக ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தால் பாவம். கடைசி அரைமணி நேரத்தில் அந்தப் பெண் ஷோபனாவை நினைக்க விடாமல் செய்தார். ஊர் முழுதும் எங்களோடு ஒத்துப்போகவும் இல்லை. மலையாளத்தைப் பார்த்திராத பெரும்பான்மையோருக்கு அதுவே மூலம். சிவாஜி குடும்பத்தாரே தயாரித்த அந்தப் படம், சென்னையில் அவர்களுக்கே சொந்தமான சாந்தி தியேட்டரில் எண்ணூறு நாட்களுக்கு மேல் ஓடி, 1944-ல் வந்து மூன்று தீபாவளிகளைக் கண்ட 'ஹரிதாஸ்' படத்தின் சாதனையைத் தாண்டிற்று. 'புதிய பறவை' எடுத்த வீட்டுக்கு இது இரண்டாவது இரவல் பேய்.

இந்த மனத்தாங்கல் எங்களுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1966 முதல் 1971 வரை வார நாட்களில் பிற்பகலில் ஒளிபரப்பாகி, 1,225 பாகங்கள் வளர்ந்த 'டார்க் ஷேடோஸ்' என்ற மாளிகைத் தொடரை, பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவந்து பார்த்த பிள்ளைகள், 2012-ல் டிம் பர்ட்டன் அதைத் திரைப்படமாக்கிப் பாதி நகைச்சுவையாகச் செய்துவிட்டதைக் கண்டு, முதியவர்களாகி நொந்துகொண்டார்கள். ஒருகாலத்தில் தங்களை நடுங்க வைத்ததை மற்றவர்கள் பார்த்துச் சிரிக்கும்போது, தங்களுடைய பால்யத்தையே யாரோ கேலி செய்வதுபோல் அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். நம்மிடத்தில், இந்திரா சௌந்தர்ராஜனின் கதையை நாகா சன் தொலைக்காட்சிக்கு எடுத்த 'மர்மதேச'த்து 'விடாது கருப்பு' தொடரைச் சிலர் அப்படித்தான் போற்றிக் காக்கிறார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் அது வந்த நாட்களில், ஊர் எல்லையில் அரிவாளோடு நிற்கிற கருப்பசாமியைத் தினமும் கும்பிட்டு வந்தவர்களே, இருட்டிய பிறகு அந்த வழியாகப் போக ஒரு துணையைத் தேடினார்கள். அதை யாராவது மறுபடி எடுத்தால் எங்கள் ஊரில் என்ன பேச்சு வரும் என்பதை ஊகிப்பது கஷ்டமில்லை.

ஆனால் நாகவல்லியின் பிரயாணத்தில் எனக்கு அதிக ஸ்வாரஸ்யமாகப் படுவது வேறொன்று. மலையாளத்தில் அவள் தமிழச்சி. கன்னடத்தில் தெலுங்கு பேசினாள். தமிழுக்கு வந்து சந்திரமுகியானபோதும், ஆந்திர தேசத்து நாட்டியக்காரியாகித் தெலுங்கிலேயே பாடினாள். மூலப்படத்திலேயே பாசிலுக்குத் துணை நின்ற பிரியதர்சன் 2007-ல் இந்தியில் எடுத்த 'பூல் புலையா'வில் அவள் வங்காளியாகி, மஞ்சுளிகா என்ற பெயர் பூண்டாள். எந்த ராஜ்யத்துக்குப் போனாலும் அவள் அந்த வீட்டுப் பாஷையைப் பேசுவதில்லை. அண்டை அயலாரின் பாஷையைத்தான் பேசுகிறாள். ஒவ்வொரு சமூகமும் தன் வீட்டுப் பூட்டிய அறையில் பக்கத்து வீட்டுக்காரியையே அடைத்து வைத்திருக்கிறது போலும்! மலையாள வீட்டில் எங்களவள் அடைபட்டிருந்தாள் என்று வருந்திய நாங்கள், எங்கள் வீட்டில் தெலுங்கச்சி அடைபட்டிருப்பதைப் பற்றி அவ்வளவாக வருந்தவில்லை என்பதையும் இந்த இடத்தில் குறித்துவைப்பது நியாயம். 'சந்திரமுகி'யைத் தெலுங்குக் குரலில் மாற்றி வெளியிட்டபோது, தெலுங்கு பேசும் பேய் தெலுங்கர்களுக்கு எப்படிப் பேயாகும் என்ற தர்மசங்கடம் எழுந்திருக்க வேண்டும். அந்தப் பதிப்பில் அவள் ஆடுகிற பாட்டை மட்டும் தமிழில் எழுதிச் சேர்த்துவிட்டார்கள்.