ஓவியமும் ஒவ்வாமையும்

ஓவியம் என்னும் சொல்லின் வேரைத் தேடிப் போனால் ஒவ்வாமையின் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. ஒத்தல், ஒப்பு, ஒவ்வுதல் என்று கிளைக்கும் 'ஒ' என்ற ஓரெழுத்து வேரிலிருந்து ஒவ்வு, ஓவு, ஓவம், ஓவியம் எனப் படிப்படியாக இச்சொல் நீண்டது என்பது பாவாணர் வழிவந்த சொல்லாய்வாளர் கருத்து. உள்ள பொருளை ஒத்திருப்பதால் அது ஓவியம். அதே ஒவ்வு, எதிர்மறை ஆகாரம் ஏற்றதும் ஒவ்வாது, ஒவ்வாமை. கத்தரிக்காய் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதவர்க்கு மருத்துவர் எழுதிக்கொடுக்கும் அதே சொல். உதடு குவிந்து முதலெழுத்து நீண்டால் படம். அது குறுகி, வகரம் இரட்டித்து, ஆகாரம் இடைபுகுந்தால் அரிப்பு.

இந்த உறவுமுறையைத் தோண்ட வைத்தவர் என் நெடுநாள் நண்பர் ஒருவர். கோயில் யானையையும் கூவம் கரையையும் அச்சு அசலாகத் தீட்டிக்கொண்டிருந்தவர், சில ஆண்டுகளாகச் சாக்குத் துணியை விரித்து அதன்மேல் தாரும் இரும்புத் துருவும் பூசுகிறார். கண்காட்சிக்குப் போனேன். எப்படி இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. பக்கத்தில் வந்து நின்றார், அதுதான் இன்னும் கடினம். 'நிறச்சேர்க்கை அருமை' என்பது ஒன்றும் விளங்காதவர் எல்லாரும் சொல்லித் தேய்த்த வாசகம் ஆதலால் அதைச் சொல்ல நட்பு இடங்கொடுக்கவில்லை, 'இது என்ன?' என்று கேட்க நாகரிகம் இடங்கொடுக்கவில்லை. ஆனால் சொல்லன்பரே, அந்த இரண்டாம் கேள்வி அறியாமையின் குரல் மட்டுமன்று. எதை ஒத்திருக்கிறது என்று ஓவியத்தைப் பார்த்துக் கேட்பது, அந்தப் பெயரின் வேரே நம் வாயிலிருந்து கேட்கும் கேள்வி.

பழைய வழக்கு இதற்குத் துணை நிற்கிறது. பதிற்றுப்பத்தில் 'ஓவு' என்ற குறுவடிவம் நெடிய சுவருக்கும், புறநானூற்றில் 'ஓவம்' என்ற இடைவடிவம் அகன்ற மனைக்கும் உவமையாக வருகின்றன. ஒன்றை ஒத்திருப்பதால் பெயர்பெற்ற பொருள், பிறகு தானே மற்றவை ஒத்திருக்க வேண்டிய அளவுகோல் ஆகிவிட்டது. நகலாகப் பிறந்து மூலமாக வளர்ந்த இத்தகைய சொற்கள் எம்மொழியிலும் அரியவை என்றே நினைக்கிறேன். படத்தின் முன் நின்று விளக்கம் கேட்பதும் நமக்குப் புதிதன்று. பரிபாடலின் திருப்பரங்குன்றத்தில் காமனும் இரதியும், அகலிகையும், பூனையாய் நழுவும் இந்திரனும் எழுதப்பட்டிருக்க, வந்தவர்கள் இது என்ன, இவர் யார் என்று வினவ, அறிந்தவர்கள் சொல்கிறார்கள். அங்கே கேட்டால் விடை இருந்தது என்பதுதான் வேறுபாடு.

அவ்விடத்துக்குப் பரிபாடல் தரும் பெயர் எழுத்துநிலை மண்டபம். எழுதுதல் என்ற வினையைப் பாருங்கள்: கண்ணுக்கு மை எழுதினர், தோளில் தொய்யில் எழுதினர், சுவரில் பாவை எழுதினர். ஏடும் சுவரும் ஒரே வினைக்குக் கீழ் வாழ்ந்த காலம் அது. பின்னர் எழுத்து ஏட்டோடு தங்கிவிட, ஓவியத்துக்கு வரைதலும் தீட்டுதலும் தனியாக வாய்த்தன. பிரிந்த இரண்டையும் மறுபடி ஒரே பரப்பில் கொண்டுவந்தவராக எனக்குத் தோன்றுபவர், 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் சிற்றூரை நிறுவிய கே.சி.எஸ். பணிக்கர். 1963 முதல் அவர் ஆக்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில், சாதகக் கட்டங்களை நினைவூட்டும் கட்டங்களுக்குள் எழுத்தைப் போன்ற கோடுகள் நெருங்கிக் கிடக்கும். வாசிக்கப் புகுந்தால் ஒரு சொல்லும் அகப்படாது. எழுத்தை ஒத்திருக்கும், எழுத்தாக இராது. ஒத்தலைக் கைவிடாமலே ஒவ்வாமையைத் தந்த கலை அது.

கோட்டுக்கும் நம்மிடம் ஒரு பழம்பெயர் உண்டு. நெடுநல்வாடையில், கணவனைப் பிரிந்து அணிகலன் துறந்திருக்கும் அரசிக்குப் 'புனையா ஓவியம்' உவமை ஆகிறது. வண்ணம் ஏற்றாமல் கோட்டால் மட்டும் எழுதிய படம் என்று உரை விரிகிறது. கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு ஆதிமூலம் இட்ட கோட்டுப் படங்களைத் தமிழ் வாசகர்கள் தயங்காமல் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்கள். அதே ஆதிமூலம் வண்ணம் மட்டுமே பொங்கிப் பரவும் அரூப ஓவியங்களுக்குப் போனபோது அவர்களில் பலர் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். (அரூபம் வடசொல், சைவர் நாவில் பழகிய அருவம் இருக்க, நம் கலை விமரிசகர்கள் ஏன் ரகரத்தை நெடிலாக்கிக்கொண்டு திரிகிறார்களோ!)

ஓவியம் என்ற பெயரால் வந்த முட்டுக்கட்டையை ஓவியர்க்குரிய மற்றொரு பெயர் சற்று நகர்த்துகிறது. மதுரைக்காஞ்சியும் சிலப்பதிகாரமும் அவர்களைக் கண்ணுள் வினைஞர் என்கின்றன. சிலம்பில் அவர்களுக்குப் பக்கத்திலேயே மண்ணீட்டாளர், மண்ணால் உருச்செய்வோர். மண்ணீட்டாளர்க்குத் தொழிற்பொருள் மண், எனில் ஓவியர்க்கு? சுவரும் இல்லை, வண்ணமும் இல்லை, பெயரில் இருப்பது கண். அதுவும் யாருடைய கண்? வரைபவர் கண் என்றுதான் நாம் எளிதில் எண்ணுவோம். நச்சினார்க்கினியரோ பார்ப்பவர் கண்ணிடத்தே தம் தொழிலை நிறுத்துவதால் இப்பெயர் என்கிறார். கூத்தர்க்கும் கண்ணுளர் என்று பெயருண்டு. ஆடி முடித்தபின் அவர்தம் வினைக்கும் வேறு புகலிடம் இல்லையே. ஒன்றை மறைக்கக் கூடாது: எவ்வகைச் செயலையும் உவமம் காட்டுவோர் என்று அதே மதுரைக்காஞ்சி அவர்களைப் பாராட்டவும் செய்கிறது. ஆக, ஒப்புமை பாராட்டில் இருக்கிறது, பெயரில் இல்லை. பெயர் கேட்பது இது கண்ணில் நின்றதா என்பதை மட்டுமே.

இதை நண்பரிடம் சொன்னேன். "சரி, உங்கள் கண்ணில் எது நின்றது?" என்றார். துரு நின்றது, தார் நிற்கவில்லை என்றேன்; அவர் படத்தைப் பற்றி அந்தக் கண்காட்சியில் நான் வாய்திறந்து சொன்ன முதல் கருத்து. அவர் ஒப்பவில்லை. தார் இல்லாவிட்டால் துருவுக்கு நிற்க இடம் ஏது என்று சண்டைக்கு வந்தார்.