சவர்க்காரத்துக்கு முன்: யாழ்ப்பாணத்து இல்லத் தூய்மைப் பொருள்களும் அவற்றின் சமூக வரலாறும்

தமிழர் வாழ்வியலின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் அரசு, சமயம், இலக்கியம், நிலவுடைமை ஆகியவை பற்றி விரிவாக எழுதியுள்ளனர். வீட்டைக் கூட்டியும் மெழுகியும், பாத்திரம் விளக்கியும், ஆடை வெளுத்தும் நாள்தோறும் நிகழ்ந்துவந்த பணி அவர்தம் நோக்கிற் பெரிதும் படவில்லை. இக்கட்டுரை யாழ்ப்பாணக் குடாநாட்டை நிலைக்களனாகக் கொண்டு, தொழிற்சாலைச் சவர்க்காரம் பரவுமுன் இல்லத் தூய்மைக்குப் பயன்பட்ட பொருள்களையும் அவற்றைக் கையாண்டோரையும் நோக்க முயல்கிறது. அண்மைக் காலத்தில் இப்பொருள்கள் இயற்கையானவை என்றும் பாரம்பரியமானவை என்றும் புகழப்படுகின்றன. அவற்றைப் பயன்படுத்திய உழைப்பு யாருடையது என்னும் வினா அப்புகழுரைகளில் எழுவதில்லை. பொருளையும் உழைப்பையும் ஒருங்கே நோக்காவிடின் இவ்வரலாறு நிறைவுறாது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

1. சொல் தரும் சான்று

தமிழகத்திற் பெரும்பாலும் 'சோப்பு' எனப்படுவதை ஈழத்தமிழர் 'சவர்க்காரம்' என்றே இன்றும் வழங்குகின்றனர். சவுக்காரம் என்னும் வடிவம் சித்த மருத்துவ நூல்களிற் காரவகைகளுள் ஒன்றன் பெயராகவும் பயில்கின்றது. சொற்பிறப்பு எதுவாயினும், 'காரம்' என்னும் ஈறு கருத்தூன்றி நோக்கற்பாலது. அழுக்கை அகற்றுவது காரத்தன்மை என்பதை இச்சொல்லை வழங்கியோர் உணர்ந்திருந்தனர். கொழுப்பையும் காரத்தையும் சேர்த்துக் காய்ச்சிய கட்டி புதிதாக வந்தபோது, அதற்கு முன்னமே அறியப்பட்டிருந்த காரத்தின் பெயர் அதற்கு உரியதாயிற்று. புதிய பண்டத்தைப் பழைய அறிவின் வழியே இனங்கண்டமைக்கு இச்சொல் தக்க சான்றாகும்.

2. இலக்கியச் சான்றுகள்

இவ்வறிவின் தொன்மையைச் சங்க இலக்கியத்திற் காணலாம். களர்நிலத்திற் கிணறு தோண்டி, அந்நீரைக்கொண்டு நாள்தோறும் புலைத்தி வெளுத்த தூய வெள்ளாடை பற்றிப் புறநானூற்றின் 311ஆம் பாடல் கூறுகின்றது. புலைத்தி என்னும் சொல் இங்கு ஆடை வெளுக்கும் பெண்ணைக் குறிக்கும். குடிப்பதற்கும் பயிர்செய்வதற்கும் உதவாத களர்நிலத்து நீரை அவள் நாடியது ஏன்? களர்மண்ணிற் சோடியம் காபனேற்று மிகுதியாக உண்டு. அது நீரைக் காரமாக்கி, ஆடையிற் படிந்த எண்ணெய்ப் பிசுக்கை நீக்க உதவும். உழவனுக்குப் பயன்படாத நிலம் வெளுப்பவளுக்குப் பயன்பட்டது. பிற்காலத்தில் உவர்மண்ணும் பூநீறும் சலவைக்குப் பயன்பட்டமை இதன் தொடர்ச்சியே எனலாம்.

குறுந்தொகையின் 330ஆம் பாடல் புலைத்தி ஆடையைப் பசையில் தோய்த்து எடுப்பதையும், பின்னர் அது குளத்து நீரில் அலசப்படுவதையும் உவமையாக ஆள்கின்றது. நற்றிணையின் 90ஆம் பாடல் விழா நிகழும் பழைய ஊரொன்றைக் காட்டுகின்றது. அங்கே ஆடை உடுப்போர் பலராதலின், வெளுப்பவளின் கைகளுக்கு ஓய்வில்லை. ஊரார் விழாக் கொண்டாட, அவ்விழாவுக்குரிய தூய்மையை ஆக்குபவள் இரவிலும் உழைக்கின்றாள். சமூக வரலாற்றாசிரியர் இப்பாடலை மேலும் கூர்ந்து நோக்குதல் வேண்டும்.

நிலத்தை ஆனின் சாணத்தால் மெழுகும் வழக்கத்தைப் பெரும்பாணாற்றுப்படை அந்தணர் மனையை வருணிக்குமிடத்துக் குறிப்பிடுகின்றது. கூதிர்க் காலத்திற் சந்தனத்தை விடுத்து அகிற்புகை ஊட்டும் வழக்கத்தை நெடுநல்வாடை காட்டுகின்றது. பக்தி இயக்க காலத்தில் மெழுகுதலும் அலகிடுதலும் திருத்தொண்டாக உயர்வு பெற்றன. கோயிலைப் பொழுது புலருமுன் கூட்டி மெழுகுதலை ஏழாம் நூற்றாண்டில் அப்பர் வலியுறுத்தினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் தமது சைவவினாவிடையின் இரண்டாம் புத்தகத்தில் இப்பணிகளைச் சிவாலயத் தொண்டுகளாக வகுத்துரைத்தார். காஞ்சிபுரத்தில் அடியவர்களின் ஆடையை வெளுத்த திருக்குறிப்புத்தொண்ட நாயனாரைப் பெரியபுராணம் போற்றுகின்றது. எனினும் தொண்டாகப் போற்றப்பட்ட அதே செயல், தொழிலாகச் செய்யப்பட்டபோது செய்தோர்க்கு இழிவையே கொணர்ந்தது. இம்முரண்பாட்டுக்குப் பின்னர் மீள்வோம்.

3. பொருள்களும் அவற்றின் செயற்பாடும்

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கற்பாறையின் மீது அமைந்தது. வற்றாத ஆறுகள் இல்லாத இந்நிலத்தில் மக்கள் கிணற்று நீரையே நம்பி வாழ்ந்தனர். அந்நீரிற் கல்சியம் உப்புகள் கரைந்திருப்பதால் அது வன்னீராகும். வன்னீரிற் சவர்க்காரம் எளிதில் நுரைப்பதில்லை. அதன் ஒரு பகுதி கல்சியத்துடன் சேர்ந்து கரையாத படிவாக ஆடையிலேயே தங்கிவிடும். இப்பின்னணியில் வைத்து நோக்கும்போதே பழைய பொருள்களின் பொருத்தம் நன்கு விளங்கும்.

முதலாவதாகச் சாம்பலைக் கூறலாம். தேங்காய் மட்டை, பொச்சு முதலியன எரிந்த சாம்பலிற் பொற்றாசியம் காபனேற்று மிகுதியாக உண்டு. சாம்பலை நீரிற் கரைத்துத் தெளிய வைத்தால் மேலே நிற்பது காரநீர். அது வன்னீரிலுள்ள கல்சியத்தைப் படியச் செய்து நீரை மென்மையாக்கும், பிசுக்கையும் இளக்கும். அடுப்புச் சாம்பலைத் தும்பில் தொட்டுச் சட்டி பானைகளை விளக்கும்போது, அதன் நுண்துகள்கள் தேய்ப்புப் பொருளாகவும் பயன்படும். சமைத்த அடுப்பே சமைத்த கலங்களைத் துலக்கும் பொருளையும் தந்தது.

பித்தளைக்கும் செம்புக்கும் சாம்பல் மட்டும் போதாது. அவற்றின் மேற்படியும் களிம்பு அமிலத்திலேயே கரையும். ஆகவே குத்துவிளக்கையும் செம்பையும் பழப்புளியால் அல்லது பிழிந்த தேசிக்காய்த் தோலால் முதலில் தேய்ப்பர். புளியிலுள்ள தாத்தாரிக்கமிலமும் தேசிக்காயிலுள்ள சித்திரிக்கமிலமும் களிம்பைக் கரைக்கும். பின்னர் சாம்பலிட்டுத் துலக்கிக் கழுவித் துடைப்பர். எஞ்சிய அமிலத்தைச் சாம்பலின் காரம் நடுநிலையாக்கும். இவ்வொழுங்கு மாறி இரண்டையும் ஒன்றாகக் குழைப்பின் அமிலமும் காரமும் ஒன்றையொன்று அழித்துவிடும். புளி முன்னும் சாம்பல் பின்னுமாக வரவேண்டும் என்பது ஏட்டில் எழுதப்படாது, தாயிடமிருந்து மகளுக்குக் கைப்பழக்கமாக வந்த அறிவாகும்.

மூன்றாவது வகை நுரைதரும் தாவரப் பொருள்களாகும். பூவந்திக்காயின் தோலிற் சப்போனின் என்னும் பொருள் உண்டு. நீரில் ஊறவைத்துப் பிசைந்தால் அது நுரைக்கும். பட்டாடைக்கும் பொன்னணிக்கும் கேடு செய்யாது. யாழ்ப்பாணத்துக்கே சிறப்பாக உரியது பனம்பழமாகும். பழத்தைப் பிசைந்து எடுத்த களியை ஆடையிற் தேய்த்து, நன்றாக அலசி, வெயிலில் உலர்த்துவர். களியின் மஞ்சள் நிறம் வெயிலில் வெளிறிவிடும். மணம் எளிதில் நீங்காது. அம்மணத்தை நாடி மாடுகள் கொடியிற் காயும் உடுப்பைச் சப்பிவிடும் என்பது ஊரறிந்த செய்தி. பனங்களியின் கைப்புக்குக் காரணமான பிளபெலிபெரின் என்னும் சப்போனின்களை இலங்கை ஆய்வாளர் பிற்காலத்தில் விரிவாக ஆராய்ந்துள்ளனர். வாயிற் கைப்பாக உணரப்படும் அப்பொருளே ஆடையில் நுரையாகச் செயற்படுகின்றது. சவர்க்காரம்போல அது கல்சியத்துடன் சேர்ந்து படிவதில்லை. வன்னீர் நாட்டுக்கு இது பெரும் வாய்ப்பாகும். ஆயினும் ஆவணி, புரட்டாதியை அண்டிய பருவத்திலேயே பழம் கிடைக்கும் என்பதையும் மறத்தலாகாது.

நறுமணத்தைப் பொறுத்தவரையில், ஆடைப் பெட்டகத்துள் தாழம்பூ மடலையும் வெட்டிவேரையும் இட்டுவைத்தலும், மாலையிற் சாம்பிராணி இடுதலும் பரவலான வழக்கங்கள். நொச்சியிலையும் வேப்பிலையும் புகைத்தல் நுளம்பை விரட்டுதற்காகும். மண் தரையையும் திண்ணையையும் சாணகத்தால் மெழுகினர். அதிலுள்ள நார்ப்பொருள் மண்ணைப் பிணித்துப் புழுதி எழாது காத்தது.

இப்பொருள்கள் யாவும் தீங்கற்றவை எனக் கொள்ளுதல் பொருந்தாது. சாணகத்தில் ஏற்புவலி நோயை விளைக்கும் கிருமியின் வித்திகள் இருத்தல் கூடும். அடைத்த அறையுள் எப்புகையும் நுரையீரலுக்குக் கேடு பயக்கும். காரநீர் கையின் தோலை அரிக்கும். இயற்கையிற் கிடைப்பது என்பதனால் மட்டும் ஒரு பொருள் நன்மை பயப்பதாகிவிடாது.

4. உழைத்த கைகள்

இப்பொருள்களுட் பெரும்பாலானவை விலையின்றிக் கிடைத்தன. ஆயினும் அவற்றைப் பயன்கொள்வதற்குப் பெரும் உழைப்பு வேண்டியிருந்தது. கிணற்றிலிருந்து நீர் இறைத்தலும், சாணகம் அள்ளிக் கரைத்தலும், சாம்பல் அரித்தலும் வீட்டுப் பெண்களுக்கு உரியவாயின. வசதிபடைத்த வீடுகளில் அவை அடிமை, குடிமை முறையின்கீழ் இருந்தோர் மேற் சுமத்தப்பட்டன. 1707ஆம் ஆண்டளவில் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை அம்முறையைச் சட்டமாக ஏற்றுக்கொண்டிருந்தது. பிரித்தானியர் 1844இல் அடிமைமுறையைச் சட்டத்தால் ஒழித்தபின்னரும் குடிமைத் தொழில்கள் தொடர்ந்தன.

ஆடை வெளுத்தல் வண்ணார் சமூகத்தின் குடிமைத் தொழிலாக விளங்கியது. யாழ்ப்பாணத்தார் அவர்களைக் கட்டாடி என்றனர். காரநீரில் ஊறிய ஆடைகளை வெள்ளாவியில் அடுக்கி அவித்தல், கல்லில் அடித்தல், அலசுதல், வெயிலில் விரித்தல் என்பன உடலை வருத்தும் வேலைகள். நூலின் தரத்துக்கேற்பக் காரத்தின் அளவையும் ஆவியின் வெம்மையையும் அறிந்து செய்வது தேர்ந்த தொழில்நுட்பமுமாகும். பூப்பு, மகப்பேறு, மரணம் ஆகிய நிகழ்வுகளில் மாற்று வழங்குதலும் வெள்ளை கட்டுதலும் அவர்களுக்கே உரியவாயிருந்தன. அவர்களின்றி எந்த வீடும் துடக்கு நீங்கித் தூய்மை பெறவில்லை. அத்தூய்மையை வழங்கியோரையே சமூகம் தூய்மையற்றோர் என ஒதுக்கியது. தூய்மை என்பது சுகாதாரக் கருத்தாக மட்டுமன்றி, சாதிப்படிநிலையை நிலைநிறுத்தும் கருத்தாகவும் செயற்பட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் பொது இடங்களிற் சாதிகாரணமாக ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. குடிமைத் தொழிலின் தளர்ச்சி அச்சட்டத்தால் மட்டுமன்றிக் கல்வியாலும் வேறு தொழில்வாய்ப்புகளாலும் நிகழ்ந்தது.

5. தொழிற்சாலைச் சவர்க்காரமும் அதன் இன்மையும்

ஐரோப்பாவிற் சோடாக்காரத்தைச் செயற்கையாக ஆக்கும் லெபிளாங் முறை 1791இல் உருவாகியது. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் சவர்க்காரம் பெருந்தொழிலாயிற்று. அதற்கு வேண்டிய கொழுப்பை வெப்பவலய நாடுகளின் எண்ணெய் வித்துக்கள் வழங்கின. இலங்கையின் தேங்காய் எண்ணெயும் கொப்பறாவும் அச்சந்தைக்குச் சென்றன. நம் நாட்டு எண்ணெய் கடல்கடந்து சென்று சவர்க்காரமாகத் திரும்பி வந்து விலைக்கு விற்கப்பட்டது. 1938இல் லீவர் பிறதேர்ஸ் நிறுவனம் கொழும்பிலே தொழில் தொடங்கியது. படிப்படியாகச் சவர்க்காரம் கிராமத்துக் கடைகளையும் அடைந்தது. 1977இற் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபின் சலவைத்தூளும் திரவங்களும் பெருகின. பூவந்தியும் பனங்களியும் முதியோர் நினைவில் ஒதுங்கின.

1990 யூனிற் போர் மீண்டும் மூண்டபின் வடக்குக்கான பொருள்கள் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டன. சவர்க்காரம் கிடைத்தற்கு அரிதாயிற்று. கிடைத்தபோதும் அதன் விலை பலருக்கு எட்டவில்லை. அந்நாள்களில் மக்கள் மீண்டும் பனம்பழத்தை நாடினர். மறைந்துபோனதாகக் கருதப்பட்ட அறிவு, பயிற்சியோ நூலோ இன்றி, முதியோர் சொல்லைக்கொண்டு உயிர்பெற்றது. ஆனால் அதனை மகிழ்ச்சிக்குரிய மறுமலர்ச்சியாகக் கொள்ளுதல் தவறாகும். மக்கள் விரும்பித் தேர்ந்த வாழ்க்கைமுறை அது அன்று, முற்றுகையின் விளைவு. பருவம் முடிந்தபோது பழமும் இல்லை, சவர்க்காரமும் இல்லை என்னும் நிலையில் அதன் சுமையைப் பெரிதும் தாங்கியோர் பெண்களே.

2020இற் கொரோனாத் தொற்றுப் பரவியபோது இவ்வரலாற்றின் வேறொரு முகம் வெளிப்பட்டது. வீட்டு வாயிலில் வேப்பிலை கட்டினர். மஞ்சள் நீர் தெளித்தனர். இறக்குமதிக் கட்டுப்பாட்டால் ஏற்கெனவே அருகியிருந்த மஞ்சளின் விலை மிகவும் உயர்ந்தது. மஞ்சள் நீர் அவ்வைரசை அழிக்கும் என்பதற்குச் சான்று இல்லை. வைரசின் கொழுப்புறையைச் சிதைக்க வல்லது சவர்க்காரமே. மரபறிவுள் எது செயற்பாட்டால் நிலைபெற்றது, எது சடங்கால் நிலைபெற்றது எனப் பிரித்தறியாதவிடத்து இத்தகைய மயக்கம் நேரும்.

6. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து இரண்டு கருத்துக்கள் பெறப்படுகின்றன. யாழ்ப்பாணத்து இல்லத் தூய்மைப் பொருள்கள் அந்நிலத்தின் வன்னீருக்கும் பனைவளத்துக்கும் ஏற்ப நெடுங்காலப் பயிற்சியால் தேர்ந்தெடுக்கப்பட்டவை என்பது ஒன்று. அவ்வறிவைக் காத்தோர் அடுக்களைப் பெண்களும் ஒடுக்கப்பட்ட தொழிலாளருமே என்பது மற்றொன்று. முன்னதைப் போற்றிப் பின்னதை மறப்பது வரலாற்று நோக்கு ஆகாது. களர்நிலத்துக் கிணற்றையும் நற்றிணை காட்டிய ஓயாத கைகளையும் நமது இலக்கியம் ஒருசேரவே பதிந்து வைத்துள்ளது.

வெள்ளாவி வைத்தலை நேரில் அறிந்த முதியோர் இன்று மிகச் சிலரே. எந்த மட்டையின் சாம்பல், எவ்வளவு நீர், எத்தனை நாழிகை ஆவி என்பன அவர்களோடு மறையக்கூடும். அவற்றை அவர்தம் வாய்மொழியாகவே கேட்டு, அவர்கள் பட்ட இழிவையும் உடன்வைத்துப் பதிவுசெய்தல் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் உடனடியாக மேற்கொள்ளவேண்டிய பணியாகும்.