பசியாறிட்டீங்களா?



கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

போன தவணை எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் 34 பேரைக் கொழும்பு நூதனசாலையும் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையும் காட்டக் கூட்டிப் போனோம். பஸ் வாடகை கட்டுப்படியாகவில்லை. அதனால் அக்கரப்பத்தனையிலிருந்து தலவாக்கலைக்கு இறங்கி இரவு ரயிலைப் பிடித்தோம். சிங்கமலைச் சுரங்கத்தில் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு கூச்சல் போட்டார்கள். அதற்குப் பிறகு தூங்கிவிட்டார்கள். கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கும்போது இன்னும் சரியாக விடியவில்லை.

முதல் பிரச்சினை சாப்பாடு. 34 பிள்ளைகள், 4 ஆசிரியர்கள், கையில் கணக்கான காசு.

நிலையத்துக்குப் பக்கத்தில் முதலில் நுழைந்த கடையில் எங்கள் கூட்டத்தைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "இருந்து சாப்பிட இடமில்லை, பார்சல் எடுத்துக்கொண்டு போங்க" என்றார்கள். மேசைகள் காலியாகத்தான் இருந்தன. பிள்ளைகள் ஒன்றும் சொல்லவில்லை. புறக்கோட்டைப் பக்கம் நடந்து ஒரு சந்துக்குள் சின்ன முஸ்லிம் கடை ஒன்றைக் கண்டுபிடித்தோம். வாசலில் நின்ற பெரியவர் பிள்ளைகளைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "பசியாறிட்டீங்களா மக்கள்?"

அந்தக் கடையில் நடந்த ஒரு விஷயத்தைக் கடைசியில் சொல்கிறோம். அதற்கு முன்னால் கொஞ்சம் சரித்திரம்.

"பசியாறுதல்" என்ற சொல்லை எங்கள் வீடுகளில் காலைச் சாப்பாட்டுக்குச் சொல்லுவோம். காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம்களின் பேச்சு அது. அந்தக் கரையிலிருந்து வியாபாரத்துக்கு வந்தவர்களோடு கொழும்புக்கும் வந்தது. புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் பள்ளிவாசலை 1908இல் தொடங்கி 1909இல் கட்டி முடித்தவர்களும் இந்திய முஸ்லிம் வியாபாரிகள்தான். இப்படிப்பட்ட இடங்களைச் சுற்றிச் சாப்பாட்டுக் கடைகள் வருவது இயல்பு. சுபஹு தொழுதுவிட்டு வருகிறவர், மூட்டை தூக்குகிறவர், இரவு ரயிலில் வந்து இறங்கியவர் எல்லோருக்கும் அந்த நேரத்தில் ஒரு தேத்தண்ணி வேண்டும்.

அந்தப் பக்கம் செட்டியார் தெரு. கோப்பித் தோட்டக் காலத்திலிருந்தே கடன் கொடுக்கல் வாங்கல் நடந்த தெரு. செட்டிமார் இருந்த இடத்தில் கோயில் வந்தது. தமிழர் இருந்த இடத்தில் சைவக்கடையும் வந்தது. சிங்களவர்களும் அதைச் "சைவர் கடே" என்றுதான் சொல்கிறார்கள். தோசை, வடை, பருப்பு எல்லாம் கொஞ்சம் உச்சரிப்பு மாறிச் சிங்களத்தில் இருக்கின்றன. நாம் சாப்பிடும் பாண் போர்த்துக்கேயரிடமிருந்து வந்த சொல். கொழும்பின் ஒரு காலைச் சாப்பாட்டு மேசையில் இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சரி, நம் ஆட்கள் அந்த மேசைக்கு எப்படி வந்தார்கள்?

மலைநாட்டு ரயில் நமக்காகப் போடப்பட்டதல்ல. துறைமுகத்துக்குச் சரக்கு இறக்கத்தான் அது வந்தது. 1867இல் கண்டிக்கு வந்த பாதை 1885இல் தலவாக்கலையைத் தாண்டி நானுஓயாவைத் தொட்டது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1883 ஜூலை 30இல், கொழும்பில் முதல் தேயிலை ஏலம் நடந்தது. நல்ல தூள் பெட்டியில் ஏறிக் கீழே போனது. பறித்தவருக்கு லயத்தில் மிஞ்சியது தூசுத்தூளில் ஊற்றிய சாயம்.

துரைமார் கொழும்புக்குப் போனால் தங்கவும் சாப்பிடவும் இடம் இருந்தது. 1864இல் காலிமுகத்திடல் ஹோட்டல், 1875இல் துறைமுகத்தடியில் கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டல். தொழிலாளிக்கு அந்த வாசல் இல்லை. அவருக்கு நானா கடையும் சைவக்கடையும்தான்.

நம் மக்கள் கொழும்புக்குப் போனது பெரும்பாலும் சுற்றிப் பார்க்க அல்ல, கடதாசிக்காக. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து நம்மை நாடற்றவர் ஆக்கியது. 1952இல் அதை எதிர்த்துக் கொழும்பில் சத்தியாக்கிரகம் நடந்தது. இலங்கை இந்தியக் காங்கிரஸின் தலைவர்களாகத் தொண்டமானும் அப்துல் அஸீஸும் ஒன்றாக நின்ற காலம் அது. தோட்டத் தொழிலாளரின் தலைமையில் ஒரு முஸ்லிம் இருந்தார் என்பது இன்றைய பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? பிறகு 1964 ஒக்டோபரில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் அங்கே, 3 இலட்சம் பேர் இங்கே, மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்கள். அதற்குப் பின்னால் விண்ணப்பம், படம், முத்திரை, வரிசை. இன்றைக்கும் நாம் கடவுச்சீட்டுக்கு விடியக்காலையில் பத்தரமுல்லையில் போய் நிற்கிறோம்.

எங்கள் வாப்பா அக்கரப்பத்தனை பஜாரில் ஒரு சில்லறைக் கடையில் கணக்கு எழுதினவர். தோட்டத்து ஆட்கள் கொழும்புக்குப் போவதற்கு முந்தின நாள் அவரிடம் வந்து விண்ணப்பம் நிரப்பிக்கொண்டு, கடைசியில் ஒரு கேள்வி கேட்பார்களாம்: "பாய், அங்க எந்தக் கடையில தைரியமா உட்கார்ந்து சாப்பிடலாம்?" ருசியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. தமிழில் பேசினால் திட்டாத, கம்பளியும் தலைப்பாகையுமாகப் போனாலும் கதிரையைக் காட்டுகிற கடை எது என்பதுதான் அந்தக் கேள்வியின் அர்த்தம். எங்களைக் கேட்டால் நல்ல காலைச் சாப்பாட்டுக்கு இன்றைக்கும் அதுதான் விளக்கம்.

இன்னொரு விஷயம். சைவக்கடையில் எங்களுக்கு ஹலாலா என்று கேட்கும் வேலை இல்லை. கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் படித்த காலத்தில் கொழும்புக்குப் போனால் நாங்கள் தேடியதும் தோசைக் கடையைத்தான். அதேபோல அன்றைக்கு நானா கடையில் எங்கள் இந்துப் பிள்ளைகளுக்காக நாங்கள் முதலில் சொன்னது, "பராட்டாவுக்கு இறைச்சிக் குழம்பு ஊற்ற வேண்டாம், பருப்பும் சம்பலும் மட்டும் வையுங்க." பெரியவர் தலையாட்டிவிட்டுக் கரண்டியையே மாற்றச் சொன்னார். யாரும் இதற்கு ஒரு கூட்டம் போட்டு ஒப்பந்தம் எழுதவில்லை. காலங்காலமாக நடந்து வருகிறது.

இதனால்தான் இந்தக் கடைகள் எரிந்தபோது எரிந்தது வெறும் பலகையும் கண்ணாடியும் அல்ல. 1915 மே கடைசியில் கண்டியில் தொடங்கிய கலவரம் கொழும்புக்குப் பரவியபோது கரையோர முஸ்லிம்களின் கடைகள் உடைக்கப்பட்டன. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் கடைகள் எரிக்கப்பட்டன. சைவக்கடைகளும் அதில் அடக்கம். 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் குழம்புக்குள் கிடந்த கட்டியைக் காட்டி, மலட்டு மாத்திரை என்று கதை கட்டினார்கள். கடை உடைந்தது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் சோதித்துச் சொன்னது, அது மா கட்டி. சமைக்கிற எல்லோர் வீட்டுக் குழம்பிலும் விழுகிற மா கட்டி! 2019 ஏப்ரலுக்குப் பிறகும் முஸ்லிம் கடையில் சாப்பிடாதே என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அடுத்தவர் சட்டியில் நம்பிக்கை போன பிறகு ஒரு ஊரில் என்ன மிஞ்சும்?

மாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் லயங்களில் காலைக்குச் சுடும் ரொட்டி ஆதிகாலத்து உணவு என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். இல்லை. தோட்டத்தில் முன்பு அரிசிதான் அளந்து கொடுத்தார்கள், சம்பளத்தில் கழித்தார்கள். 1942இல் பர்மா யப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டில் கோதுமை மா வந்தது. அதன் பிறகுதான் ரொட்டி நம் அடுப்பில் நிலையாகக் குடியேறியது. கோதுமை இங்கே விளைவதில்லை. அதனால் உலகத்தில் எங்கே சண்டை நடந்தாலும் நம் ரொட்டி மெலியும். 2022இல் பார்த்தோம். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்து காலைக் கூட்டத்தில் தலைசுற்றி விழுந்த பிள்ளைகளைத் தூக்கியவர்கள் நாங்கள்.

இந்த நாட்டில் காலைச் சாப்பாடு எப்போதுமே அரசியல்தான். 1953இல் பங்கீட்டு அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கி, பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவையும் நிறுத்தினார்கள். ஓகஸ்ட் 12 ஹர்த்தாலில் நாடே நின்றது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். பசி ஒரு பிரதமரையே இறக்கியது.

இப்போது புறக்கோட்டைக் கடைக்கு வருவோம்.

நாங்கள் உட்கார்ந்ததும் ஒவ்வொரு மேசையிலும் ஒரு பெரிய தட்டு வந்தது. ரோல்ஸ், பெட்டிஸ், மரக்கறி ரொட்டி, வடை. பிள்ளைகள் பயந்து போனார்கள். ஒரு பிள்ளை காதுக்குள் கேட்டது: "டீச்சர், இவ்வளவுக்கும் நம்மகிட்ட காசு இருக்கா?" எடுத்ததற்கு மட்டும்தான் காசு, மிச்சத்தை எண்ணித் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்று விளக்கினோம். அதற்குப் பிறகும் பாதிப் பேர் கை வைக்கவில்லை. பராட்டாவும் பருப்பும் போதும் என்றார்கள்.

தட்டு வைத்த பையன் எங்கள் முகத்தைப் பார்க்காமலே வைத்துவிட்டுப் போனான். மூன்றாவது தடவை வந்தபோது மெதுவாகக் கேட்டான்: "சேர், என்னைத் தெரியலையா?"

எங்கள் பிள்ளை. ஒன்பதாம் ஆண்டோடு நின்றவன். இப்போது பதினேழு வயது இருக்கும். கணக்கில் கெட்டிக்காரன். பத்து மேசைக் கணக்கையும் இப்போது மனதிலேயே கூட்டுகிறான். பக்கத்தில் உட்காரச் சொன்னோம். "கடையில நாங்க உட்காரக் கூடாது சேர்" என்றான். பிறகு கேட்டான்: "இந்த வருஷம் ஓ.எல். எத்தனை பேர் எழுதுறாங்க?" அவனுடைய வகுப்பு எழுதும் வருடம் முடிந்துவிட்டது என்பது அவனுக்கும் தெரியும். பில் கொண்டு வரும்போது வடைகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. அவனுடைய சம்பளத்தில் வெட்டுவார்கள் என்று எங்களுக்குப் புரிந்தது. காசை மேசையில் வைத்துவிட்டு வந்தோம்.

அவன் நின்றபோது நாங்கள் வீட்டுக்கு ஒரு தடவை போனோம். "தம்பி தங்கச்சி இருக்குதுங்க" என்று அம்மா சொன்னார். இரண்டாம் தடவை நாங்கள் போகவில்லை. தவணைப் பரீட்சை, விளையாட்டுப் போட்டி என்று காரணம் இருந்தது. இதை மறைத்து எழுத மனம் வரவில்லை.

எங்கள் தாத்தாமார் கொழும்பில் தைரியமாக உட்கார ஒரு கதிரை தேடினார்கள். மூன்று தலைமுறைக்குப் பிறகு அந்தக் கதிரையில் நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம், நம் பிள்ளை உட்கார முடியாமல் நிற்கிறான். இதைத்தான் சொல்ல வந்தோம்.

சட்டம் தெளிவாக இருக்கிறது. 2016இலிருந்து 16 வயது வரை பாடசாலை கட்டாயம். 2021இல் வேலைக்கு வைக்கும் குறைந்த வயதையும் 14இலிருந்து 16 ஆக்கினார்கள். அந்த வருடம் நம் பகுதிப் பிள்ளை ஒன்றுக்குக் கொழும்பில் என்ன நடந்தது என்று இங்கே எழுதத் தேவையில்லை. எல்லோருக்கும் தெரியும்.

பெற்றோருக்கு: தீபாவளிக்குப் புதுச் சட்டையும் போனுமாக வருகிற பையனைப் பார்த்து உங்கள் பிள்ளையும் கிளம்பினால், அனுப்புவதற்கு முன் ஒரு தடவை பாடசாலைக்கு வாருங்கள். காசுதான் பிரச்சினை என்றால் அதையே பேசுவோம். வெட்கப்பட வேண்டாம்.

கடை வைத்திருக்கும் எங்கள் சமூகத்தவருக்கு: வியர்வை காயும் முன் கூலியைக் கொடுக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. பிள்ளை கேட்டு வந்தால் வயதைக் கேளுங்கள். 16 ஆகவில்லை என்றால் பசியாற வைத்துத் திருப்பி அனுப்புங்கள். ஏற்கனவே இருப்பவனை உட்கார விடுங்கள், பின்னேரம் இரண்டு மணித்தியாலம் படிக்க விடுங்கள். ஓ.எல். பரீட்சையைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகவும் எழுதலாம்.

கொழும்பில் இருக்கும் எங்கள் பழைய மாணவர்களுக்கு: விண்ணப்பம் நிரப்ப நாங்கள் இருக்கிறோம். எங்கள் வாப்பா நிரப்பியதும் இதே மாதிரிக் கடதாசிகளைத்தான்.

அந்தப் பையனுக்குத் தகவல் அனுப்பியிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை. இந்தத் தடவை இரண்டாம் முறையும் போவோம், இன்ஷா அல்லாஹ்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கொழும்பில் முதன்முதலாக எந்தக் கடையில் சாப்பிட்டார்கள் என்று கேட்டுக் கீழே எழுதுங்கள். நம் சரித்திரத்தை நாம்தான் எழுத வேண்டும்.