முருங்கையின் பின்னொட்டு

'மொரிங்கா' என்று இங்குள்ள கடைகளில் விற்கும் பச்சைத் தூள் நம் முருங்கை இலைதான். அதன் அறிவியல் பெயரும் நம்மிடமிருந்து போனதே: தமிழில் முருங்கை, மலையாளத்தில் முரிங்ங.

கொச்சியில் டச்சுக் கம்பெனியின் தளபதியாக இருந்த வான் ரீடு தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்', 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. மலபார்ச் செடிகளை அது உள்ளூர்ப் பெயர்களிலேயே பதிந்தது. முருங்கையும் அதில் உண்டு. செடிகளின் பெயரையும் பயனையும் சொன்னவர்களில் முதன்மையானவர் ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன். அவர் எழுதிக்கொடுத்த சான்று முதல் தொகுதியிலேயே அச்சாகியிருக்கிறது.

1753இல் லின்னேயஸ் இம்மரத்தை 'கிலாந்தினா மொரிங்கா' என்றார். 1763இல் அடன்சன் மொரிங்காவைப் பேரினப் பெயராக்கினார். 1785இல் லமார்க், எண்ணெய் தருவது என்ற பொருளில், 'மொரிங்கா ஒலைஃபெரா' என்று எழுதினார்.

தாவரவியல் வழக்கப்படி, ஒரு பெயரை முறையாக வெளியிட்டவரின் சுருக்கப்பெயர் அதன் பின்னால் ஒட்டிக்கொள்ளும். ஆகவே மொரிங்கா ஒலைஃபெராவின் பின்னால் இன்றும் லமார்க் நிற்கிறார். மரத்தை வளர்த்து, தின்று, மருந்தாக்கி, அதற்குப் பெயரும் வைத்தவர்களுக்கு அந்த வரியில் இடமில்லை. அந்தப் பெயரின் முதற்சொல் மட்டும் அவர்களுடையது. தூள் வாங்கும் நம் பிள்ளைகளுக்கு இதையும் சொல்லிவைப்போம்.